நைலான் மூடி: சிமுலேஷன் காட்டும் அழுத்தமும் வளைவும் மெஷினோடு ஒத்துப்போகவில்லை

டூல்ரூம்_ஓசூர்:

வணக்கம். ஓசூரில் ஒரு டூல்ரூமில் மோல்டு வடிவமைப்பாளராக இருக்கிறேன். வாகன மின்சாதனப் பெட்டி ஒன்றின் மூடிக்காக நாங்கள் செய்த இரண்டு கேவிட்டி மோல்டில் (ஒரே நேரத்தில் இரண்டு மூடிகளை வார்க்கும் அச்சு), உருகிய பிளாஸ்டிக் உள்ளே பாய்ந்து உறைவதைக் கணக்கிடும் சிமுலேஷன் சொன்னதும் மெஷினில் நடப்பதும் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகி நிற்கின்றன. மூடியின் நீளம் 180 மி.மீ., சுவர்த் தடிமன் 2.2 மி.மீ., உட்புற ரிப்புகள் 1.2 மி.மீ. பொருள், 30 விழுக்காடு கண்ணாடி இழை கலந்த நைலான் 66. கோல்டு ரன்னர் (உருகல் போகும் சூடேற்றாத வாய்க்கால்), ஒவ்வொரு மூடிக்கும் ஒரு முனையில் ஓர் எட்ஜ் கேட் (மூடிக்குள் உருகல் நுழையும் விளிம்பு வாசல்). இரண்டு மூடிகளும் ரன்னரும் சேர்ந்து ஒரு ஷாட்டின் எடை 85 கிராம். மெஷினில் உருகலைத் தள்ளும் ஸ்க்ரூவின் விட்டம் 40 மி.மீ.

நிரப்பும் நேரம் 0.9 விநாடி, மெல்ட் (உருகல்) வெப்பநிலை 290 டிகிரி, மோல்டு வெப்பநிலை 80 டிகிரி என்று கொடுத்து ஓட்டியபோது சிமுலேஷன் காட்டிய உச்ச அழுத்தம் 64 மெகாபாஸ்கல். மெஷின் திரையில் தெரிவது 98 பார். அது ஸ்க்ரூவைத் தள்ளும் எண்ணெயின் ஹைட்ராலிக் அழுத்தம் என்பதால் வழக்கம்போலப் பத்தால் பெருக்கினால் 980 பார், அதாவது 98 மெகாபாஸ்கல் வருகிறது. வளைவு இதைவிட மோசம். நீண்ட பக்கச் சுவர்களின் நடுப்பகுதி 0.4 மி.மீ. வெளியே தள்ளும் என்றது சிமுலேஷன். கையில் இருக்கும் மூடியில் அது 1.1 மி.மீ. உள்ளே வாங்கியிருக்கிறது. அளவு கூடக்குறைய இருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். திசையே மாறியிருப்பதை வாடிக்கையாளரிடம் எப்படி விளக்குவது என்று தெரியவில்லை.

நாங்கள் வாங்கும் கிரேடு மென்பொருளின் தரவுத்தளத்தில் இல்லாததால், வேறொரு நிறுவனத்தின் 30 விழுக்காடு இழைக் கிரேடைத் தேர்ந்தெடுத்தேன். மெஷ் (பாகத்தைச் சிறு உறுப்புகளாகப் பிரிக்கும் வலை) டூயல் டொமைன் வகை, அதாவது சுவரின் இரண்டு முகங்களை மட்டும் வலையாக்குவது. நிரப்புதல், பேக்கிங் (நிரம்பிய பிறகும் அழுத்திப் பிடிப்பது), வளைவு ஆகிய மூன்று கணக்குகளை மட்டும் ஓட்டினேன். மெஷ்ஷை இன்னும் பொடியாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்றார் மேலாளர். உறுப்பின் அளவைப் பாதியாக்கி ஓட்டினேன், பலமணி நேரம் ஓடி முடிந்தபோது 64 என்பது 65 ஆகியிருந்தது. எங்கிருந்து சரிசெய்யத் தொடங்குவது?


மூன்றாம்_ஷிஃப்ட்:

மெஷ்ஷைப் பாதியாக்கியும் விடை ஒரு மெகாபாஸ்கல்தான் மாறியது என்றால், அந்தப் பலமணி நேரம் வீண்போகவில்லை. அழுத்தத்தைப் பொறுத்தவரை குற்றவாளி மெஷ் இல்லை என்பது உறுதியாகிவிட்டது. நான் மெஷின் பக்கத்து ஆள் என்பதால் அந்தப் பக்கத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பத்து. எல்லா மெஷினுக்கும் பத்து என்று யாரோ எப்போதோ சொல்லிவைத்திருக்கிறார்கள். உங்கள் மெஷினின் விவரத் தாளில், அந்த ஸ்க்ரூவுக்கு உரிய அதிகபட்ச இன்ஜெக்ஷன் அழுத்தத்தை அதிகபட்ச ஹைட்ராலிக் அழுத்தத்தால் வகுத்துப் பாருங்கள். 1,820ஐ 175ஆல் வகுத்தால் 10.4, அதே மெஷினில் ஸ்க்ரூவை மாற்றினால் இந்த எண்ணும் மாறிவிடும்.

அடுத்தது நிரப்பும் நேரம். 0.9 விநாடி என்பது நீங்கள் கொடுத்த எண்ணா, மெஷின் உண்மையில் எடுத்துக்கொண்ட நேரமா? 85 கிராம் என்பது உருகிய நிலையில் ஏறக்குறைய 72 கன செ.மீ.; 40 மி.மீ. ஸ்க்ரூ அதைத் தள்ள 57 மி.மீ. நகர வேண்டும். திரையில் விநாடிக்கு 65 மி.மீ. என்று வேகம் வைத்திருப்பீர்கள், கணக்கும் 0.9 என்று அழகாக வந்திருக்கும். ஆனால் ஸ்க்ரூ நின்ற நிலையிலிருந்து வேகம் பிடிக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, அழுத்த வரம்பு குறைவாக வைக்கப்பட்டிருந்தால் அந்த வேகத்தை அது எட்டவே எட்டாது. நிரப்பும்போது வரும் அழுத்தக் கோட்டைத் திரையில் பாருங்கள். அது மலைபோல ஏறி இறங்காமல், உச்சியில் மேசைபோலத் தட்டையாக நின்றால், 98 பார் என்பது மோல்டு கேட்ட அழுத்தம் இல்லை, ஆபரேட்டர் அனுமதித்த அழுத்தம். அப்படியானால் நீங்கள் இரண்டு வெவ்வேறு மோல்டிங்குகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

மூன்றாவதாக, சிமுலேஷன் எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது? பெரும்பாலும் ஸ்ப்ரூவின் (உருகல் மோல்டுக்குள் நுழையும் முதல் வழி) வாயிலிருந்து. மெஷின் காட்டும் அழுத்தத்திலோ பாரல் (ஸ்க்ரூ இருக்கும் உருளை) முனை, அதன் வாயான நாசில் ஆகியவற்றைத் தாண்டச் செலவானதும் அடங்கும். நாசிலில் ஃபில்டர் இருந்தால் அதுவும் சேரும். மோல்டிலிருந்து நாசிலைப் பின்னுக்கு இழுத்து, அதே வேகத்தில் வெளியே ஓர் ஏர் ஷாட் அடித்து அப்போதைய அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நைலான் சூடாகத் தெறிக்கும் என்பதால் பர்ஜ் தடுப்பை மூடிவிட்டுச் செய்யுங்கள். அந்த எண்ணைக் கழிப்பது துல்லியமான முறை இல்லை, நாசிலையும் மாடலில் வரைந்து ஓட்டுவதே சரி. ஆனால் எவ்வளவு அழுத்தம் அங்கே போகிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

கடைசியாக, பேக்கிங்கைச் சுழியாக்கி, 50, 75, 90 விழுக்காடு நிரம்பும் அளவில் ஷார்ட் ஷாட் எடுத்து ஒவ்வொன்றையும் தராசில் வையுங்கள். சிமுலேஷனிலும் அதே எடையில் நிறுத்தி, உருகல் எந்த ரிப்பில் தயங்குகிறது, எந்த மூலைக்குக் கடைசியாகப் போகிறது என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்னேறும் வடிவமே ஒத்துப்போகாத நிலையில் வளைவைப் பற்றிப் பேசுவது, அஸ்திவாரம் போடாமல் பெயின்ட் நிறம் தேர்ந்தெடுப்பது போலத்தான்.


கணக்குப்பிள்ளை:

இவ்வளவு சுற்ற வேண்டியதில்லை என்பது என் கருத்து. பொருள் தரவில் பாகுத்தன்மையை 1.5ஆல் பெருக்கி ஓட்டினால் அழுத்தம் பொருந்திவிடும். நாங்கள் இரண்டு மோல்டுகளில் அப்படிச் செய்தே அறிக்கை கொடுத்தோம், யாரும் கேள்வி கேட்கவில்லை.


பாகுநிலை:

யாரும் கேட்கவில்லை என்பதற்கும் சரியாக இருந்தது என்பதற்கும் வேறுபாடு உண்டு. பாகுத்தன்மையை ஒட்டுமொத்தமாக உயர்த்தினால் உச்ச அழுத்தம் பொருந்தும்; கூடவே உராய்வுச் சூடு கூடும், கேட்டிலிருந்து மறுமுனைக்குப் பேக்கிங் அழுத்தம் போய்ச்சேர்வது குறையும், அதனால் மறுமுனையின் சுருக்கம் தவறும், வளைவு இன்னும் தவறும். ஒரே ஓர் எண்ணைப் பொருத்துவதற்காக மற்ற எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்கிறோம். சிமுலேஷனில் அழுத்தம் குறைவாக வருவதற்குப் பாகுத்தன்மை ஒரு காரணம்தான். உண்மையான சுவர் மெலிந்திருப்பது, கேட் சிறியதாக இருப்பது, மெல்ட் நினைத்ததைவிடக் குளிர்ந்திருப்பது என்று மற்றவையும் அதே அறிகுறியைத்தான் காட்டும்.

சுவரிலிருந்து தொடங்குங்கள். ஒரு மூடியை அறுத்து, குறைந்தது ஐந்து இடங்களில் பால் மைக்ரோமீட்டரால் தடிமனை அளக்க வேண்டும், கேட்டையும் அப்படியே. நிரப்பும் வேகம் மாறாதபோது மெல்லிய இடைவெளியில் அழுத்தம், தடிமனின் ஏறக்குறைய 1.6ஆம் அடுக்குக்குத் தலைகீழாக மாறும். வேகமாக ஓடும்போது பாகுத்தன்மை குறைவதைக் குறிக்கும் பவர் லா அடுக்கெண்ணை 0.3 என்று வைத்துக்கொண்டால் வரும் கணக்கு இது. 2.2 இருக்க வேண்டிய சுவர் 2.05ஆக இருந்தால் அங்கு மட்டும் அழுத்தம் 12 விழுக்காடு கூடிவிடும். வரைபடத்தை நம்பி ஓட்டிய சிமுலேஷன், வரைபடத்தில் இருக்கும் மோல்டுக்குத்தான் விடை சொல்லும்.

பிறகு பொருள். இழை விழுக்காடு ஒன்றாக இருப்பதாலோ எம்.எஃப்.ஐ. (உருகல் ஓட்டக் குறியீடு) ஒன்றாக இருப்பதாலோ இரண்டு கிரேடுகள் ஒன்றாகிவிடுவதில்லை. எம்.எஃப்.ஐ. சோதனையில் உருகல் மிக மெதுவாக நகர்கிறது. மோல்டிலோ சறுக்கு வீதம் (உருகலின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவும் வீதம்) விநாடிக்கு ஆயிரங்களில் இருக்கும், கேட்டில் பத்தாயிரத்தையும் தாண்டும். கேபிலரி ரியோமீட்டரில் (பாகுத்தன்மையை அளக்கும் கருவி) மூன்று வெப்பநிலைகளில் அளந்து பெற்ற கிராஸ்–டபிள்யூ.எல்.எஃப். (பாகுத்தன்மைச் சமன்பாடு) மாறிலிகளைச் சப்ளையரிடம் எழுத்தில் கேளுங்கள். அந்தச் சமன்பாட்டில் ஏழு மாறிலிகள் உண்டு. அவற்றில் அழுத்தம் கூடும்போது பாகுத்தன்மை கூடுவதைக் குறிக்கும் டி3 என்பது தரவுத்தளங்களில் பெரும்பாலும் சுழியாகவே விடப்பட்டிருக்கும். அழுத்தம் 100 மெகாபாஸ்கலை நெருங்கும்போது அந்தச் சுழி கணக்கை இழுக்கத் தொடங்கும். கேட் போன்ற திடீர் குறுக்கங்களில் ஏற்படும் நுழைவு இழப்புக்கான இரண்டு மாறிலிகளும் அப்படித்தான். டூயல் டொமைன் கணக்கில் அவை காலியாக இருந்தால், கேட்டில் போகும் அழுத்தம் குறைவாகவே காட்டப்படும்.

நைலானுக்கு ஈரம் ஒரு தனிக் கதை. 0.2 விழுக்காட்டைத் தாண்டிய ஈரத்தோடு பாரலுக்குள் போனால் அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் அறுந்து பாகுத்தன்மை விழும். வார இறுதி முழுவதும் டிரையரில் கிடந்து அளவுக்கு மீறி உலர்ந்த பொருளோ கெட்டியாக ஓடும். ஒப்பீட்டுக்கு எடுக்கும் ஷாட்டுகளை அடிக்கும் அன்று ஹாப்பரிலிருந்து மாதிரி எடுத்து ஈரத்தை அளக்காவிட்டால், திங்கள்கிழமை ஒரு விடையும் வியாழக்கிழமை வேறொரு விடையும் வரும், பழி மென்பொருளின் மேல் விழும். ரீகிரைண்ட் (அரைத்த பழைய துண்டுகள்) கலக்கிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். அரைக்கும்போது இழைகள் முறிகின்றன.

மெல்ட் வெப்பநிலையைக் கன்ட்ரோலரில் பார்த்து எழுதாதீர்கள். மெஷின் நிலையான சுழற்சியில் ஓடிக்கொண்டிருக்கும்போது நிறுத்தி, பர்ஜ் செய்த (வெளியே தள்ளிய) உருகலுக்குள், முன்பே சூடாக்கிவைத்த ஊசிப் பைரோமீட்டரைச் செருகிக் கிளறியபடி உச்ச எண்ணைப் படிக்க வேண்டும். குளிர்ந்த ஊசியைச் செருகினால் அது உருகலின் வெப்பத்தைத் தானே குடித்துவிட்டுக் குறைவான எண்ணைக் காட்டும்.

மோல்டுக்கும் உருகலுக்கும் இடையிலான வெப்பக் கடத்தல் எண்ணைப் பற்றியும் பலர் கவலைப்படுவது உண்டு. மோல்ட்ஃப்ளோ மென்பொருளில் இயல்பாக நிரப்பும்போது 5,000, பேக்கிங்கில் 2,500, சுவரை விட்டு விலகிய பிறகு 1,250 வாட் என்று ஒரு சதுர மீட்டருக்கும் ஒரு டிகிரிக்கும் வைத்திருக்கிறார்கள். அரை மி.மீ. சுவருக்கு அது பெரிய விஷயம். உங்கள் 2 மி.மீ. சுவரில் பிளாஸ்டிக்கே வெப்பத்தைத் தடுத்து நிற்பதால், இதைத் திருகுவதில் நேரம் செலவிட வேண்டாம்.


இழைநோக்கு:

அழுத்தத்தை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். திசை மாறிய வளைவுக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதில் என் கண்ணில் முதலில் பட்டது, கூலிங் கணக்கை ஓட்டவில்லை என்பது. அப்படி விட்டால் கோரும் (மூடியின் உட்புறத்தை உருவாக்கும் மோல்டுப் பாதி) கேவிட்டியும் (வெளிப்புறத்தை உருவாக்கும் பாதி) எல்லா இடத்திலும் 80 டிகிரி என்று மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. உண்மையில் பெட்டிபோன்ற எந்தப் பாகத்திலும் கோர் நான்கு பக்கமும் பிளாஸ்டிக்கால் சூழப்பட்டு வெப்பத்தை வாங்கிக்கொண்டே இருக்கும், வெளியே அனுப்ப வழி குறைவு. சூடான பக்கம் கடைசியில் உறைந்து கூடுதலாகச் சுருங்குவதால் சுவர் அந்தப் பக்கம் இழுக்கப்படும். உங்கள் மூடியின் சுவர்கள் உள்ளே வாங்கியிருப்பது அதைத்தான் சொல்கிறது. ஒரே சீரான மோல்டு வெப்பநிலையில் மிஞ்சியிருப்பது இழைகளின் விளைவு மட்டும்தான், அது வெளியே தள்ளியிருக்கிறது. இரண்டும் எதிரெதிரே இழுக்கும்போது ஒன்றை எடுத்துவிட்டால் திசை மாறத்தானே செய்யும்?

இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. மெஷின் ஒரு மணி நேரம் நிலையாக ஓடிய பிறகு, மோல்டு திறந்த உடனே தொடு சென்சாரால் கோர் முகத்தையும் கேவிட்டி முகத்தையும் பல இடங்களில் அளந்து பாருங்கள். கன்ட்ரோலர் காட்டும் 80 என்பது தண்ணீரின் வெப்பநிலை, எஃகின் வெப்பநிலை இல்லை. ஒவ்வொரு தண்ணீர் லைனிலும் ஓட்டத்தையும் அளந்துவிடுங்கள். 8 மி.மீ. துளையில் 80 டிகிரி தண்ணீர் நிமிடத்திற்கு ஒன்றரை லிட்டர் ஓடினாலே ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் எவ்வளவு கொந்தளிக்கிறது என்பதைக் காட்டும் எண்) 10,000ஐத் தாண்டிவிடும் (25 டிகிரி தண்ணீராக இருந்தால் மூன்றரை லிட்டர் வேண்டும்). ஆகவே சூடான தண்ணீரில் ஓட்டம் போதவில்லை என்றால் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது என்றுதான் பொருள். வரைபடத்தில் தனித்தனியாக இருக்கும் லைன்களை, ஹோஸ் போதவில்லை என்று மெஷினருகில் ஒன்றோடொன்று கோத்துவிடுவதும் நடக்கும். கையில் வரைபடத்தோடு போய், எது எதில் மாட்டியிருக்கிறது என்று நேரில் பாருங்கள்.

இழைகளைப் பொறுத்தவரை, இந்தப் பொருள் இழை கிடக்கும் திசையில் சுமார் 0.3 விழுக்காடும், குறுக்கே 0.8 முதல் 1 விழுக்காடு வரையும் சுருங்கும். இவ்வளவு பெரிய வேறுபாட்டில் இழை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதே வளைவைப் பெருமளவு தீர்மானிக்கிறது. 1984ல் வந்த ஃபோல்கர்–டக்கர் மாடல் இழைகள் உண்மையைவிட வேகமாகத் திரும்புவதாகக் கணித்துவிடும். அதனால் இழைகள் குறுக்கே கிடக்கும் நடு அடுக்கு உண்மையைவிட மெல்லியதாகத் தெரியும். அதைத் தணிக்க 2008ல் வந்தது ஆர்.எஸ்.சி. திருத்தம். உங்கள் மென்பொருளில் எது தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு, ஆர்.எஸ்.சி. வகைக்கு மாற்றி ஒருமுறை ஓட்டுங்கள். இழையின் அளவையும் உறுதிசெய்வது நல்லது: ஒரு துண்டைச் சூளையில் எரித்து, மிஞ்சும் கண்ணாடியை எடைபோட்டால் 30 விழுக்காடு உண்மையா என்று தெரியும்.

மெஷ் வகையையும் மாற்றச் சொல்வேன். 2.2 மி.மீ. சுவருக்கு டூயல் டொமைன் தவறு இல்லை, ஆனால் மூலைகளிலும் ரிப் வேர்களிலும் இரண்டு முகங்களைத் தட்டையாகப் பொருத்தும் அந்த முறை திணறும். இந்த மூடியின் வளைவு பிறக்கும் இடமே மூலைதான். ஆகவே வளைவுக் கணக்கை மட்டுமாவது, தடிமனுக்குக் குறைந்தது பத்து அடுக்குகளோடு 3டியில் ஓட்டுங்கள்.

இன்னொன்று, 1.1 மி.மீ. என்பதை எப்போது, எப்படி அளந்தீர்கள்? ஃபிக்சரில் கிளாம்ப் போட்டு அளந்தால் வளைவின் ஒரு பகுதி நசுங்கி மறைந்துவிடும். சிமுலேஷன் படத்திலும் மொத்தச் சுருக்கம் வளைவோடு கலந்தே தெரியும். அளக்கும்போது எந்த மூன்று புள்ளிகளில் மூடியை உட்காரவைத்தீர்களோ அவற்றையே மென்பொருளிலும் ஆங்கர் புள்ளிகளாகக் கொடுக்க வேண்டும். நைலான் காற்றிலிருந்து ஈரம் வாங்கிப் பெருக்கும் பொருள். இழை இல்லாத நைலான் 66, 50 விழுக்காடு ஈரப்பதத்தில் நாளடைவில் தன் எடையில் சுமார் 2.5 விழுக்காடு தண்ணீரை வாங்கிவிடும். மோல்டிலிருந்து வந்த மறுநாள், ஈரம் புகாத உறையில் வைத்திருந்த மூடியைத்தான் ஒப்பிட வேண்டும்.


டூல்ரூம்_ஓசூர்:

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது, மெஷின் கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. நடந்ததை எழுதுகிறேன்.

எங்கள் மெஷினின் விகிதமும் 10.4 என்றே வந்தது. ஆகவே 98 பார் என்பது 102 மெகாபாஸ்கல். மூன்றாம்_ஷிஃப்ட் சொன்ன மேசை அப்படியே திரையில் இருந்தது: அழுத்த வரம்பை 100 பாரில் வைத்திருந்தார்கள், உண்மையான நிரப்பும் நேரம் 1.3 விநாடி. காரணம் கேட்டபோது, போன வருடம் ஃபிளாஷ் (மோல்டு இடுக்கில் பிளாஸ்டிக் கசிவது) வந்ததால் குறைத்தோம் என்றார் ஷிஃப்ட் பொறுப்பாளர். உற்பத்தி அதே நிலையில்தான் ஓடுகிறது என்பதால் மெஷினை மாற்றாமல், ஸ்க்ரூவின் உண்மையான நகர்வை எடுத்துச் சிமுலேஷனில் கொடுத்தேன். வேகம் குறைந்ததால் 64 என்பது 58ஆக இறங்கியது. அன்று மாலை நான் கொஞ்சம் மனம் சோர்ந்துபோனதை ஒப்புக்கொள்கிறேன். சரிசெய்யப் போய் இடைவெளி கூடியிருந்தது. ஏர் ஷாட்டில் 19 மெகாபாஸ்கல் போனது. ஆக, ஸ்ப்ரூ வாயில் ஒப்பிட வேண்டிய எண் 83.

மூடியை அறுத்தபோது மேல்தளம் 2.05 முதல் 2.07 வரைதான் இருந்தது. அந்த ஃபிளாஷைத் தீர்ப்பதற்காகக் கேவிட்டியின் பார்ட்டிங் முகத்தை (மோல்டின் இரண்டு பாதிகளும் சேரும் முகம்) 0.15 மி.மீ. கிரைண்டிங் செய்திருக்கிறார்கள், வரைபடத்தில் யாரும் திருத்தவில்லை. கேட் தடிமனும் 1.2க்குப் பதில் 1.0 மி.மீ. இந்த இரண்டையும் மாடலில் திருத்தியதும் 67 ஆனது. சப்ளையரிடமிருந்து எங்கள் கிரேடின் தரவு வந்த பிறகு 77. கணக்குப்பிள்ளை சொன்னபடி முதல் நாளே 1.5ஆல் பெருக்கியிருந்தால், கிரைண்டிங் விஷயம் எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

வளைவில் இழைநோக்கு சொன்னதே நடந்தது. கேவிட்டி முகம் 79, கோர் முகம் 97 டிகிரி. கோரில் இருக்கும் இரண்டு பேஃபிள்களில் (தண்ணீரை மேலேற்றி இறக்கும் தடுப்புள்ள துளைகள்) ஒன்றின் வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. அதே நிலையைக் கூலிங் கணக்கில் கொடுத்து, 3டி மெஷ்ஷும் ஆர்.எஸ்.சி. வகை இழை மாடலும் சேர்த்து ஓட்டியபோது சுவர்கள் 0.8 மி.மீ. உள்ளே வாங்குவதாக விடை வந்தது. பேஃபிளைக் கழற்றினோம், செதில் செதிலாகத் துருவும் சுண்ணாம்பும் ஒரு கைப்பிடி வந்தது. சுத்தம் செய்த பிறகு கோர் 85 டிகிரிக்கு இறங்கியது, மூடியின் வளைவு 0.6 மி.மீ. ஆனது. சிமுலேஷனில் அதே மாற்றத்துக்கு 0.45 வந்தது. அளவு இன்னும் முழுதாகப் பொருந்தவில்லை. ஆனால் முன்பு 1.1க்கு 0.8, இப்போது 0.6க்கு 0.45 என்று இரண்டுமுறையும் ஒரே விகிதத்தில் குறைவாகச் சொல்கிறது. வாடிக்கையாளருக்கு இந்த அட்டவணையைக் காட்டியபோது கேள்வி எதுவும் வரவில்லை, இந்தமுறை விடை சரியாக இருந்ததால்.

83க்கும் 77க்கும் இடையில் ஆறு மெகாபாஸ்கல் மிச்சம் இருக்கிறது. சப்ளையர் தந்த தரவில் டி3 சுழியாகத்தான் இருக்கிறது.


பாகுநிலை:

அந்த ஆறை இப்போதைக்கு அப்படியே விட்டுவிடுங்கள். டி3ஐ ஊகித்துப் போட்டால் நீங்களும் 1.5 கட்சியில் சேர்ந்துவிடுவீர்கள். அடுத்த மோல்டில் கேட்டுக்கு அருகில் ஒன்று, கடைசியாக நிரம்பும் இடத்தில் ஒன்று என்று இரண்டு கேவிட்டி அழுத்த சென்சார்களுக்கு முன்கூட்டியே இடம் விட்டு வடிவமையுங்கள். அழுத்தம் ரன்னரில் போகிறதா, கேட்டில் போகிறதா, சுவரில் போகிறதா என்பதை அவை பிரித்துக் காட்டிவிடும். அதன் பிறகு எந்த மாறிலியைத் தொடலாம் என்று பேசுவோம்.